கென்பாக்குவா, ரியோதாக்குவா? 1774இல் எடோவில் வெளிவந்த ஓர் உடற்கூற்று நூலும் என் மேசையில் கிடக்கும் கையெழுத்துப் படியும்

ஓலைநறுக்கு | வெள்ளி, இரவு 9.10

நண்பர்களுக்கு வணக்கம். பல மாதங்களாக மனத்தை அரிக்கும் ஒரு செய்தியை இங்கே வைக்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1771, ஜப்பானிய நாட்காட்டியில் மூன்றாம் மாதம் 4ஆம் நாள். ஜப்பானின் எடோ நகரம், இன்றைய டோக்கியோ. ஊருக்கு வெளியே கொட்சுகஹாரா என்னும் கொலைக்களம். மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு பெண்ணின் உடலை அறுக்கும்போது உடனிருந்து பார்க்கச் சில மருத்துவர்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். 'பச்சைத் தேநீர்க் கிழவி' என்பது ஊரார் வைத்த பட்டப்பெயர்.

வந்தவர்களில் ஒருவர் சுகிதா கென்பாக்கு, வயது 37. இன்னொருவர் மாயெனோ ரியோதாக்கு, ஐம்பதை நெருங்கியவர். இருவரும் வெவ்வேறு சிற்றரசர்களிடம் மருத்துவர்களாக இருந்தவர்கள். இருவரும் ஆளுக்கொரு புத்தகம் கொண்டுவந்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே நூல், ஒரே பதிப்பு! டான்சிக் நகரத்து யோஹான் ஆடம் குல்முஸ் ஜெர்மன் மொழியில் எழுதிய உடற்கூற்று அட்டவணைகள், டச்சு மொழியில் பெயர்க்கப்பட்டு 1734இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. இருவராலும் அதைச் சரிவரப் படிக்க முடியாது. படங்களைத்தான் பார்த்துவைத்திருந்தார்கள்.

உடல் திறக்கப்பட்டது. நுரையீரலுக்கு ஆறு இதழ்களும் இரண்டு காதுகளும் உண்டு, கல்லீரலுக்கு இடப்புறம் மூன்று, வலப்புறம் நான்கு இதழ்கள் என்று அவர்கள் படித்த சீன மருத்துவ நூல்கள் சொல்லியிருந்தன. உள்ளே அப்படி எதுவும் இல்லை. டச்சுப் புத்தகத்தின் படத்தில் இருப்பதுதான் உடலுக்குள்ளும் இருந்தது. கொலைக்களத்தில் சிதறிக் கிடந்த எலும்புகளையும் பொறுக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவையும் ஒத்துப்போயின.

திரும்பும் வழியில் பேசிக்கொண்டார்கள். உடம்பின் உள்ளமைப்பே தெரியாமல் இத்தனை ஆண்டு மருத்துவம் செய்திருக்கிறோமே என்று வெட்கப்பட்டார்கள். மறுநாளே ரியோதாக்குவின் வீட்டில் கூடி, மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டார்கள். கென்பாக்குவுடன் பணியாற்றிய நாகாகாவா ஜுன்னானும் சேர்ந்துகொண்டார். ரியோதாக்குவுக்குச் சில நூறு டச்சுச் சொற்கள் தெரியும். கென்பாக்குவுக்கு எழுத்துகூடத் தெரியாது. துடுப்பும் சுக்கானும் இல்லாத ஓடத்தில் பெருங்கடலில் இறங்கியது போல் திகைத்து உட்கார்ந்திருந்தோம் என்று முதுமையில் அவர் எழுதினார்.

மாதம் ஆறேழு முறை கூடினார்கள். புருவம் என்பது கண்ணுக்கு மேல் வளரும் மயிர் என்ற ஒரே வரியோடு ஒரு நீண்ட இளவேனிற் பகல் முழுதும் போராடியிருக்கிறார்கள். ஓராண்டு கழித்து ஒரு நாளில் பத்து வரி ஓடியது. பதினொரு முறை திருத்தி எழுதி, 1774இல் 'கைதாய் ஷின்ஷோ', அதாவது 'உடற்கூற்றுப் புதுநூல்', ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

என் கேள்வி இனிமேல்தான். அந்த நூலில் மொழிபெயர்ப்பாளர் என்று கென்பாக்குவின் பெயர் இருக்கிறது. ரியோதாக்குவின் பெயர் இல்லை. அவர்களில் டச்சு அதிகம் தெரிந்தவர் அவர்தான்! பெயர் வேண்டாம் என்று அவரே விலகிக்கொண்டார். புகழுக்காகக் கற்கவில்லை என்று தெய்வத்தின் முன் உறுதி எடுத்திருந்தார் என்று ஒரு காரணம் சொல்வார்கள். மொழிபெயர்ப்பு இன்னும் முதிரவில்லை, இந்த நிலையில் வெளியிடக்கூடாது என்று கருதினார் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் உண்மையாகப் படுகிறது. கென்பாக்குவோ எதிர்த்திசை. நான் நோயாளி, நாள் தள்ளினால் புல்லின் நிழலுக்கு அடியில் கிடந்துதான் இதைப் பார்க்கப்போகிறேன் என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். நண்பர்கள் அவருக்குப் 'புல்நிழல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆறு ஆண்டுகளாக ஓர் அறிமுக நூலைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடித்துவிட்டேன் என்றும் சொல்லலாம், முடிக்கவில்லை என்றும் சொல்லலாம். நாற்பது, ஐம்பது சொற்கள் எனக்கு நிறைவு தரவில்லை. பதிப்பகத்தார் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் கென்பாக்குவா, ரியோதாக்குவா?


வெண்கலமணி | வெள்ளி, இரவு 10.02

ஐயா, உங்கள் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மொழியே தெரியாத மூன்று மருத்துவர்கள் ஒரு நூலைப் பெயர்த்துவிட்டார்கள் என்று இந்தக் கதையை எல்லோரும் அற்புதமாகச் சொல்கிறார்கள். அது கென்பாக்கு 1815இல், எண்பதைக் கடந்த வயதில் எழுதிய நினைவுக் குறிப்பிலிருந்து வந்த கதை. அதில் நாகசாகியின் துபாஷிகளுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

துபாஷி என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்தது போல, நாகசாகியில் டச்சுக்காரர்களுக்கும் அரசுக்கும் நடுவே மொழி பெயர்த்துச் சொல்லக் குறிப்பிட்ட குடும்பங்கள் இருந்தன. தந்தைக்குப் பின் மகன் என்று தொழில் வந்தது. மோதோகி, யோஷியோ, நிஷி, நாராபாயாஷி என்பவை அந்தக் குடும்பப் பெயர்கள். கப்பலில் வந்த மருத்துவர்களிடமிருந்து அறுவை முறைகளை நேரில் கற்றவர்கள் அவர்கள். 1649இல் வந்த காஸ்பர் ஷாம்பெர்கரின் பெயரில் 'காஸ்பர் வழி' என்று ஓர் அறுவை மருத்துவ மரபே உருவானது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மோதோகி ரியோயி என்ற துபாஷி 1680களிலேயே ஓர் ஐரோப்பிய உடற்கூற்று நூலைப் பெயர்த்துவிட்டார். கென்பாக்குவுக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் முன்பு! எனவே 'முதல்' என்ற பட்டத்தைக் கொடுக்கும்போது கொஞ்சம் நிதானம் தேவை.


ஓலைநறுக்கு | வெள்ளி, இரவு 10.31

வெண்கலமணி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் ரியோயியின் மொழிபெயர்ப்பு எப்போது அச்சானது? 1772இல். அதுவரை கையெழுத்துப் படியாகவே கிடந்தது. துபாஷிக் குடும்பங்களுக்கு மொழி என்பது சொத்து. வீட்டுக்கு வெளியே விட்டால் பிழைப்பு போய்விடும். நம் சித்த மருத்துவ ஏடுகளைப் பரிபாஷையில், அதாவது மறைமொழியில், எழுதிப் பரணில் பூட்டிவைத்த குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா? அவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். மகனுக்கு மட்டும் சொன்னார்கள், மகன் இல்லாத வீட்டில் ஏடு கரையானுக்குப் போனது. என் தாத்தாவின் அண்ணன் வீட்டிலேயே அது நடந்தது.

கென்பாக்கு செய்தது அச்சிட்டது. அதுதான் அவருடைய தனிப்பெருமை என்பேன்.


புதுவெள்ளம் | வெள்ளி, இரவு 10.48

ஐயா, நான் இரண்டாம் ஆண்டு மாணவி. ஜப்பான் கதவை அடைத்துக்கொண்டு இருந்தது என்றுதான் பள்ளியில் படித்தோம். பிறகு டச்சுப் புத்தகம் எடோவுக்கு எப்படி வந்தது?


துறைமுகத்தான் | வெள்ளி, இரவு 11.20

இதற்கு நான் பதில் சொல்கிறேன், தங்கையே. கடல் வணிகம்தான் நான் ஆசையோடு படிப்பது.

கதவு முழுதாக அடைபடவில்லை. 1543இல் போர்த்துக்கீசியர் தானெகாஷிமா தீவில் கரையேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த துப்பாக்கிக்கு அந்தத் தீவின் பெயரே வழங்கியது. 1549இல் பிரான்சிஸ் சேவியர் காகோஷிமாவில் இறங்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் நம் முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர்களில் நடந்து திரிந்தவர் அவர். பின்னர் ஆட்சியாளர்கள் கிறித்தவத்துக்கு அஞ்சி 1614இல் நாடு முழுதும் தடை விதித்தார்கள். 1637-38இல் ஷிமாபாரா கிளர்ச்சி. 1639இல் போர்த்துக்கீசியர் வெளியேற்றப்பட்டார்கள். 1641இல் டச்சுக்காரர்களை நாகசாகியில் தேஜிமா என்ற செயற்கைத் திட்டுக்கு மாற்றினார்கள். விசிறி வடிவம், நான்கு ஏக்கருக்கும் குறைவு, கரைக்கு ஒரே பாலம். சீனர்களும் நாகசாகிக்கு வந்தார்கள். கொரியாவுடன் சுஷிமா வழியாகவும் ரியூக்யூ தீவுகளுடன் சத்சுமா வழியாகவும் தொடர்பு இருந்தது.

நூல்களுக்கும் தடை இருந்தது. கிறித்தவம் கலந்தவை என்று 1630இல் பல சீன நூல்களை விலக்கினார்கள். 1720இல் எட்டாவது ஷோகுன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், யோஷிமுனே தடையைத் தளர்த்தினார். 1740இல் அவோகி கொன்யோ என்ற அறிஞரை டச்சு கற்கச் சொன்னார். இந்தக் கொன்யோவிடம்தான் பின்னால் ரியோதாக்கு பாடம் கேட்டார். கொன்யோவை ஊரார் 'சர்க்கரைவள்ளி ஆசிரியர்' என்று அழைத்தார்கள். 1732இல் கொடும் பஞ்சம் வந்த பிறகு, கிழக்கு ஜப்பானில் அந்தக் கிழங்கைப் பயிரிடவைத்தவர் அவர். அமெரிக்காவில் தோன்றிய கிழங்கு மணிலா, புகியான், ரியூக்யூ, சத்சுமா என்று சுற்றி வந்து எடோவில் வேர்விட்டது. மனிதருக்குக் கடுங்காவல் போட்ட கடலில் ஒரு கிழங்கு எத்தனை எளிதாகப் போயிருக்கிறது!

இன்னொன்று சொன்னால் மகிழ்வீர்கள். எடோ காலத்து ஜப்பானில் ஒரு கோடிட்ட பருத்தித் துணிக்கு 'சாந்தோமே' என்று பெயர். நம் மயிலாப்பூர்ச் சாந்தோம்தான். சோழமண்டலக் கரையில் ஏற்றிய துணி அங்கே அவ்வளவு விரும்பப்பட்டு, பிறகு உள்ளூர் நெசவாளர்களும் அதே பெயரில் நெய்தார்கள். போன துணிக்கு மாற்றாக ஜப்பானியச் செம்பு நம் கரைக்கு வந்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த அதே டச்சுக் கம்பெனிதான் தேஜிமாவிலும் இருந்தது. குல்முஸின் புத்தகமும் அந்தக் கப்பல்களில்தான் போயிருக்க வேண்டும்.


மானிப்பாய்த் தென்றல் | சனி, காலை 6.15

சாந்தோமே கேட்டு மனம் நிறைந்தது. எங்கள் யாழ்ப்பாணத்தில் ரொட்டியைப் பாண் என்போம். ஜப்பானியரும் பான் என்கிறார்கள். இரண்டும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவை. சட்டைப் பொத்தானை அவர்கள் போத்தான் என்கிறார்கள். ஒரே கப்பற்காரர்களிடம் இரண்டு கரைகளும் வாங்கிய சொற்கள்.

ஓலைநறுக்கு ஐயாவுக்கு ஒரு செய்தி. 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்காக உடற்கூறு, அறுவை, வேதியியல் நூல்களைத் தமிழில் பெயர்க்கவும் பெயர்ப்பிக்கவும் செய்தார். உடற்கூற்றியலுக்கு அவர் வழங்கிய பெயர் அங்காதிபாதம். இன்று அந்தத் தமிழைப் படித்தால் வடமொழி நிறைந்து கனமாக இருக்கும். ஆனால் அதைப் படித்தவர்கள் கிராமங்களுக்குப் போய் நோய் தீர்த்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் அந்த மரபில் வந்த ஒரு முதியவரின் அலமாரியில் அந்த நூல்களில் ஒன்று இருந்தது. அட்டை இல்லை, பக்க ஓரங்களில் மையால் எழுதிய குறிப்புகள் நிறைய. குறிப்பு எழுதினவர் சில சொற்களை அடித்துவிட்டு வேறு சொல் போட்டிருந்தார். உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்தப் பக்க ஓரங்கள்தான் நினைவுக்கு வந்தன. நூல் வெளியே வந்ததால்தானே அவரால் அடிக்க முடிந்தது?


ஓலைநறுக்கு | சனி, காலை 8.40

மானிப்பாய்த் தென்றல், நீங்கள் சொன்னதை மூன்று முறை படித்தேன். நன்றி.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். 'கைதாய் ஷின்ஷோ'வின் தொடக்கத்திலேயே தங்கள் முறையைச் சொல்லிவிடுகிறார்கள். மூன்று வழிகள். டச்சு 'பேன்' என்றால் எலும்பு. அதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது, அப்படியே வைத்தார்கள். 'கிராக்பேன்' என்று ஒன்று வருகிறது. 'கிராக்' என்பது எலி எதையோ கடிக்கும் ஓசையாம், 'பேன்' எலும்பு. இதற்குச் சொல் இல்லை. எனவே பொருளைப் பிடித்து 'நான்கொட்சு', மென்மையான எலும்பு, என்று புதிதாக ஆக்கினார்கள். மூன்றாவதாக 'கிலீர்' என்று ஒரு சொல். இதற்கு நிகரும் இல்லை, பொருளும் பிடிபடவில்லை. ஒலியை அப்படியே 'கிரீரு' என்று எழுதிவிட்டார்கள்.

இரண்டாவதை நாம் குருத்தெலும்பு என்கிறோம். வாழைக் குருத்து, பனங்குருத்து போல இளசாக இருக்கும் எலும்பு. யார் முதலில் சொன்னாரோ, அவர் கையை முத்தமிட வேண்டும். ஜப்பானியச் சொல்லைவிட நம்முடையது அழகு என்று துணிந்து சொல்வேன்.

மூன்றாவதுதான் நாம் சுரப்பி என்று சொல்வது. 1774இல் அவர்கள் அதற்குச் சொல் இல்லாமல் விட்டார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து உடாகாவா கென்ஷின் என்பவர் தசையைக் குறிக்கும் எழுத்துக்கூறையும் நீரூற்றைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்து, சீனத்திலேயே இல்லாத ஒரு புது எழுத்தை உருவாக்கினார். இன்று சீனர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள். தசைக்குள் ஒரு ஊற்று! நாம் சுரப்பி என்பதும் அதே எண்ணம்தான். ஊற்று சுரக்கிறது, தாய்க்குப் பால் சுரக்கிறது.

அந்த 'கிரீரு'வை எண்ணிப் பாருங்கள். தெரியாததைத் தெரியாதது என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கென்ஷினுக்கு அந்த இடம் காலியாகக் கிடைத்தது.


வெண்கலமணி | சனி, காலை 9.25

சொற்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. மூக்கைப் பற்றிய வரியில் 'புருஹெஹென்டோ' என்ற சொல்லைக் கண்டு திகைத்து, கிளை வெட்டிய இடமும் கூட்டிக் குவித்த குப்பையும் அப்படியாகும் என்று ஒரு சிறு அகராதியில் பார்த்து, 'மேடாக எழுவது' என்று கண்டுபிடித்ததாகக் கென்பாக்கு எழுதுகிறார். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. ஆனால் குல்முஸ் நூலின் மூக்குப் பகுதியில் அந்தச் சொல் இல்லை என்று மூலத்தைப் புரட்டிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நாற்பது ஆண்டு கழித்து எழுதிய நினைவு அப்படித்தான் இருக்கும். கதை இனிக்கிறது என்பதற்காக வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கைதாய் ஷின்ஷோவிலும் குறைகள் நிறைய. குல்முஸின் நூலில் சிறிய முதன்மைப் பகுதியும் அதற்கு மிக நீண்ட அடிக்குறிப்புகளும் உண்டு. இவர்கள் அடிக்குறிப்புகளை விட்டுவிட்டார்கள்.


ஓலைநறுக்கு | சனி, காலை 9.50

நினைவைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். சொல் அது இல்லாவிட்டாலும், ஒரு சொல்லின் முன் அப்படி உட்கார்ந்திருந்த பகல்கள் பொய்யாகாது. நானும் உட்கார்ந்திருக்கிறேன்.


இரவுப்பணி | சனி, பிற்பகல் 2.05

வணக்கம். நான் அரசு மருத்துவமனையில் செவிலியர், இருபத்திரண்டு ஆண்டுகள். வரலாறு எனக்குத் தெரியாது. ஆனால் முதல் பதிவில் ஒன்று எனக்கு உறுத்துகிறது. "உடல் திறக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். திறந்தது யார்?


ஓலைநறுக்கு | சனி, பிற்பகல் 3.30

அம்மா, வாழ்நாள் முழுதும் பிணவறைக்குப் பக்கத்தில் வேலை செய்தவன் நான் இதை விட்டிருக்கக் கூடாது. மன்னியுங்கள்.

திறந்தவர் ஏறத்தாழ 90 வயதான ஒரு கிழவர். தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட குடியைச் சேர்ந்தவர். அங்கே கொலைக்களத்து வேலை, இறந்த மாட்டின் தோலுரிக்கும் வேலை எல்லாம் அவர்கள் தலையில்தான் சுமத்தப்பட்டன. அன்றைக்கு அறுக்க வேண்டியவர் தொரமாட்சு என்பவர். அவருக்கு உடல்நலம் இல்லாததால் அவருடைய தாத்தாவான இந்தக் கிழவர் வந்தார். மருத்துவர்கள் கத்தியைத் தொடவில்லை. நின்று பார்த்தார்கள்.

கிழவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இது இதயம், இது கல்லீரல், இது இரைப்பை. பிறகு பெயர் தெரியாத சிலவற்றைச் சுட்டி, இவற்றுக்குப் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் இளவயது முதல் நான் அறுத்த எல்லா வயிற்றிலும் இவை இதே இடத்தில் இருந்தன என்றார். டச்சுப் படத்தோடு ஒப்பிட்டபோது அவை தமனிகள், சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பிகள் போன்றவை என்று இவர்களுக்குப் புரிந்தது. முன்பும் மருத்துவர்கள் வந்து பார்த்திருக்கிறார்கள், இது என்ன, அது என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை என்றும் அவர் சொன்னதாகக் கென்பாக்கு எழுதிவைத்தார். கிழவரின் பெயரை எழுதவில்லை.


இரவுப்பணி | சனி, மாலை 5.15

ஒருவரும் கேட்டதில்லை என்ற இடத்தில் நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் வேறு வேலை பார்த்தேன்.

எங்கள் மருத்துவமனைப் பிணவறையில் ஓர் அண்ணன் இருந்தார். சான்றிதழில் கையெழுத்து மருத்துவருடையது, கை இவருடையது. பயிற்சி மாணவர்களுக்கு மண்ணீரல் எங்கே ஒளிந்திருக்கும் என்று காட்டிக்கொடுத்தவரும் அவர்தான். எங்கள் பாட்டி காலத்தில் ஊரில் கட்டியை அறுத்தவர் முடி திருத்தும் வீட்டுப் பண்டிதர், பிள்ளைப்பேறு பார்த்தவர் அந்த வீட்டு மருத்துவச்சி. திண்ணையில் ஏற்ற மாட்டார்கள். உயிரை மட்டும் அவர்கள் கையில் கொடுப்பார்கள்.

உங்கள் நூலில் நன்றி சொல்லும் பக்கம் இருக்கிறதா ஐயா?


வெண்கலமணி | சனி, மாலை 6.00

இரவுப்பணி அக்காவின் கேள்வி இந்த இழையிலேயே நேர்மையான கேள்வி.

பெயர் பற்றிப் பேசுவதால் சொல்கிறேன். ரியோதாக்குவின் பெயர் மொழிபெயர்ப்பாளர் வரிசையில் இல்லாவிட்டாலும் நூலுக்குள் இருக்கிறது. நாகசாகித் துபாஷி யோஷியோ கோக்யூ எழுதிய முன்னுரையில் அவருடைய உழைப்பைப் புகழ்ந்திருக்கிறார். மறைந்துகொள்ள நினைத்தவரைக் காட்டிக்கொடுத்தது ஒரு துபாஷி. அந்தக் குடும்பங்களைப் பற்றி நான் நேற்று எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். ஓலைநறுக்கு ஐயா சொன்ன பூட்டிய பெட்டி மட்டும் அவர்களுடைய கதை அன்று.

படங்களை வரைந்த ஒடானோ நாவோதாகே அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர், ஜப்பானின் அகிதா சிற்றரசைச் சேர்ந்தவர். செப்புத் தகட்டில் செதுக்கிய ஐரோப்பியக் கோடுகளை மரக்கட்டை அச்சுக்குக் கொண்டுவந்தவர்.


புதுவெள்ளம் | சனி, இரவு 8.20

எனக்கு ஓர் ஐயம். அரசு அஞ்சும் நாட்டில் டச்சு நூலை அச்சிட்டதற்குத் தண்டனை வரவில்லையா?


ஓலைநறுக்கு | சனி, இரவு 9.00

வரக்கூடும் என்றுதான் அஞ்சினார்கள், மகளே. 1765இல் டச்சு எழுத்துகளை அச்சிட்ட ஒரு நூல் தடை செய்யப்பட்டிருந்தது. அதனால் 1773இல் சில படங்களை மட்டும் தனியாக வெளியிட்டு ஆழம் பார்த்தார்கள். ஒன்றும் நேரவில்லை. குழுவில் இருந்த கட்சுராகாவா ஹோஷூவின் குடும்பம் ஷோகுனுக்கே மருத்துவம் பார்த்தது. அவருடைய தந்தை வழியாக ஒரு படியை மாளிகைக்குள் கொடுத்துவிட்டார்கள். நூலைப் பொதுமக்களின் ஜப்பானியத்தில் எழுதாமல் கற்றோரின் சீன நடையில் எழுதினார்கள். மருத்துவர்கள் மதிக்க வேண்டுமே!

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 1828இல் ஜெர்மானிய மருத்துவர் சீபோல்ட், வெளிநாட்டவருக்குக் கொடுக்கக் கூடாத ஜப்பானிய வரைபடங்களை வைத்திருந்தது தெரிந்தது. அவற்றைக் கொடுத்த அரசு வானியலாளர் தகஹாஷி காகெயாசு சிறையிலேயே இறந்தார்.


இரவுப்பணி | ஞாயிறு, காலை 7.40

இரவுப் பணி முடிந்து வந்து எழுதுகிறேன். உங்களை உறுத்தும் அந்த நாற்பது, ஐம்பது சொற்களில் ஒன்றைச் சொல்லுங்களேன்.


ஓலைநறுக்கு | ஞாயிறு, காலை 10.10

நரம்பு.

நூலில் மூளையிலிருந்து செய்தி கொண்டுபோவது நரம்பு. இரத்தம் கொண்டுபோவது தமனி, சிரை. பாடநூல்களிலும் அப்படித்தான். ஆனால் வெளியே நம் மக்கள் கை மணிக்கட்டில் பச்சையாகத் தெரிவதை நரம்பு என்கிறார்கள். யாழின் தந்தியும் நரம்பு, இலையில் ஓடுவதும் நரம்பு. இழையாக ஓடுவதெல்லாம் நரம்பு என்ற பழைய தமிழ்ப் பார்வை அது, பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கென்பாக்குக் குழுவுக்கும் இதே இடத்தில் முள் தைத்தது. சீன மருத்துவத்தில் இதற்கு இணையான உறுப்பே இல்லை. 'ஷின்கி' என்ற உயிராற்றலையும் 'கெய்மியாக்கு' என்ற உடலோட்டப் பாதையையும் சேர்த்துச் சுருக்கி 'ஷின்கெய்' என்று ஆக்கினார்கள். பழைய மருத்துவத்தின் சொற்களைக் கொண்டே புதியதைக் கட்டிவிட்டார்கள். எனக்கு அப்படி ஒன்று தோன்றவில்லை. புதுச் சொல் ஆக்கினால் ஒருவருக்கும் புரியாது. நரம்பு என்றே வைத்தால் பாதிப் பேர் சிரையை நினைப்பார்கள்.


இரவுப்பணி | ஞாயிறு, காலை 10.55

ஐயா, இதில் நான் ஆறு ஆண்டு யோசிக்க வேண்டியதில்லை, தினமும் பார்க்கிறேன். சிரை வழியாகப் போடும் ஊசியை எங்கள் பிரிவில் எல்லோரும் நரம்பு ஊசி என்கிறோம். "நரம்பு கிடைக்கவில்லை" என்று நாங்களே சொல்வோம். போன மாதம் ஒரு முதியவர் நரம்பு ஊசி வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். கேட்டால், நரம்பில் குத்தினால் கை விளங்காமல் போய்விடுமாம். யாரோ படித்தவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் சிக்கல். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீலமாகத் தெரிவது இரத்தம் திரும்பிப் போகும் குழாய், வலியைச் சொல்கிற இழை வேறு, நாம் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டோம் என்று சொன்னேன். கையை நீட்டினார்.

புதுச் சொல் தேட வேண்டாம். நான் அவரிடம் சொன்னதை எழுதுங்கள். இரண்டு வரிதான்.


ஓலைநறுக்கு | ஞாயிறு, பிற்பகல் 12.30

எழுதிவிட்டேன். நீங்கள் சொன்னபடியே, "நாம் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டோம்" என்ற வரியோடு. உங்கள் அனுமதி உண்டென்று எடுத்துக்கொள்கிறேன்.


வெண்கலமணி | ஞாயிறு, பிற்பகல் 1.15

ஐயாவின் முதல் கேள்விக்கு இப்போது என் பதில். கென்பாக்குவையும் ரியோதாக்குவையும் எதிரெதிரே நிறுத்துவதை அவர்களுடைய மாணவரே ஏற்கமாட்டார். ஒட்ஸுகி கெந்தாக்கு இருவரிடமும் படித்தவர். கென்பாக்குவிடமிருந்து 'கென்', ரியோதாக்குவிடமிருந்து 'தாக்கு' என்று எழுத்துகளை எடுத்துத் தன் பெயரை வைத்துக்கொண்டார். எடோவில் முதல் டச்சுக் கல்விப் பள்ளியைத் தொடங்கியவர். கென்பாக்கு அவரிடம்தான் நூலைத் திருத்தும் வேலையைக் கொடுத்தார். விட்டுப்போன அடிக்குறிப்புகளையும் சேர்த்துத் திருந்திய பதிப்பு 1826இல் வந்தது. ரியோதாக்கு 1803இலும் கென்பாக்கு 1817இலும் இறந்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரியோதாக்கு விலகினாரே தவிர, நண்பர் வெளியிடுவதைத் தடுக்கவில்லை. தாம் மட்டும் தொடர்ந்து டச்சு படித்துக்கொண்டே இருந்தார். அவருடைய சிற்றரசர் அவரை 'டச்சுப் பூதம்' என்று அன்போடு அழைக்கும் அளவுக்குப் படித்தார். நீங்கள் நூலைக் கொடுத்துவிட்டு, அந்த நாற்பது சொற்களோடு தொடர்ந்து மல்லுக்கட்டுங்கள்.


மானிப்பாய்த் தென்றல் | ஞாயிறு, பிற்பகல் 2.40

பக்க ஓரத்தைக் கொஞ்சம் அகலமாக விடச் சொல்லுங்கள் ஐயா. அடித்து எழுத இடம் வேண்டும்.


ஓலைநறுக்கு | ஞாயிறு, இரவு 8.50

பதிப்பகத்தாரிடம் இன்று மாலை பேசினேன். ஓரம் அகலமாக வரும். முடிவுக்கு வராத 43 சொற்களையும் நூலின் கடைசியில் தனியே அச்சிடக் கேட்டிருக்கிறேன், இவை எனக்குப் பிடிபடவில்லை என்று சொல்லியே. நன்றிப் பக்கத்தில், நான் பணியாற்றிய கல்லூரியின் பிணவறையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவரின் பெயரை அவர் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதப் போகிறேன். அவர் பெயரை அழைப்புப் பெயராக மட்டுமே அறிந்திருந்தேன் என்பது இன்றுதான் தெரிந்தது.

இரவுப்பணி அம்மா, இரத்த ஓட்டப் பகுதியை அச்சுக்கு முன் உங்களுக்கு அனுப்பலாமா? எண்பது பக்கம் வரும்.


இரவுப்பணி | ஞாயிறு, இரவு 9.15

அனுப்புங்கள். செவ்வாய் வரை இரவுப் பணி. புதன் பகலில் தொடங்கிவிடுவேன். பென்சிலால் எழுதலாமா, பேனாவா?